பெயரை வாங்குவதா? பெயரை உண்டாக்குவதா?



ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிற நாளில், நம் தோட்டப்புறத்து வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான் எழுகிறது. இந்தப் பணத்தை என்ன செய்வது? முப்பது ஆண்டுகளாக விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி, மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணம் அது. இன்னொரு முறை அப்படிச் சேர்க்க அந்த உடம்பில் வலுவில்லை.

மகன் ஒரு யோசனை சொல்கிறான். "அப்பா, பட்டணத்திலே பேர்போன கடை இருக்கிறதே, அந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினால் பெயர்ப் பலகை, இயந்திரம், சமையல் முறை எல்லாம் அவர்களே கொடுத்துவிடுவார்கள். நாம் கடையைத் திறந்து உட்கார வேண்டியதுதான்." அம்மா வேறொன்று சொல்கிறார். "எவனோ வைத்த பெயருக்கு நாம் ஏன் காசு கட்ட வேண்டும்? என் கைத் தோசையைத் தின்றவர்கள் திரும்ப வராமல் போனதுண்டா? சொந்தமாகவே ஒரு கடை போடுவோம்." அப்பா இருவர் முகத்தையும் பார்த்துப் பேசாமல் இருக்கிறார்.

இந்த வீட்டில் யார் சொல்வது சரி? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஆனால், இதே கேள்வி சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாக உலகில் பலரிடம் எழுந்திருக்கிறது. அவர்கள் லாபம் கண்டதும் கெட்டுப் போனதும் நமக்குப் பாடமாக இருக்கின்றன. அந்த வரலாற்றையே இன்றைய உரையில் காண்போம்.

முதலில் சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்வோம். மகன் கூறும் முறைக்குப் பிரான்சைஸ் என்று பெயர். தமிழில் பெயருரிமை வாணிபம் எனலாம். ஒரு நிறுவனம் தன் பெயரையும் தொழில் முறையையும் மற்றொருவர் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த அனுமதி தருகிறது. அதற்கு அவர் முதலில் ஒரு தொகையும், பிறகு விற்பனையில் ஒரு பங்கும் செலுத்துகிறார். கடைக்குப் போடும் முதல் அவருடையது. நட்டம் வந்தாலும் அவருடையதே. பெயர் மட்டும் நிறுவனத்தினுடையது. பிரான்சைஸ் என்பது பழைய பிரெஞ்சு மொழிச் சொல். அம்மொழியில் அதற்குச் சுதந்திரம் என்று பொருள். இந்த வாணிபத்தில் சுதந்திரம் எவ்வளவு, கட்டுப்பாடு எவ்வளவு என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

நம் லயத்து வீடுகளில் பலருக்கும் பழக்கமான ஒரு பொருளிலிருந்து தொடங்குவோம். அதுதான் சிங்கர் தையல் இயந்திரம். தவணைக்கு வாங்கிய அந்தக் காலால் மிதிக்கும் இயந்திரம் நம் பாட்டிமார் பலருக்குச் சீதனமாகவும் வருமானமாகவும் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டில் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரம் செய்யத் தெரிந்த அவரிடம், நாடெங்கும் கடை திறக்கப் பணமில்லை. ஆகவே, இன்ன வட்டாரத்தில் நீங்கள் மட்டுமே விற்கலாம் என்று எழுதிக் கொடுத்து, அந்த உரிமைக்குப் பணம் வாங்கினார். பெயருரிமை வாணிபத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இதனை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் தவணை முறை விற்பனையைக் கொண்டுவந்தார். விற்பனை பெருகியது, நிறுவனத்தின் கையில் பணம் சேர்ந்தது. உடனே முன்பு விற்ற வட்டார உரிமைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தன் சொந்தக் கிளைகளையே ஆங்காங்கு திறக்கலாயிற்று. பணம் இல்லாத காலத்தில் மற்றவர் பணம் வேண்டியிருந்தது. பணம் வந்த பின் மற்றவர் வேண்டாதவர் ஆனார். இதைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. வாணிபத்தின் இயல்பு அது. பெயரை வாங்குகிறவர், அந்தப் பெயருக்கு உரியவரின் தேவை தீர்ந்தால் தம் நிலை என்ன என்பதை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

அடுத்த கதை இதற்கு நேர்மாறானது. 1899ஆம் ஆண்டில் கொக்கா கோலா பானம் அமெரிக்காவில் கடைகளில் குவளையில் ஊற்றி விற்கப்பட்டு வந்தது. அதைப் புட்டியில் அடைத்து விற்க அனுமதி வேண்டும் என்று பெஞ்சமின் தாமஸ், ஜோசப் ஒயிட்ஹெட் என்ற இரு வழக்கறிஞர்கள் நிறுவனத் தலைவர் ஏசா கேண்ட்லரை அணுகினர். புட்டி வியாபாரத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தார். அவர்களுக்குக் கொடுக்கும் பாகின் விலையும் அந்த ஒப்பந்தத்தில் நிலையாக எழுதப்பட்டது. ஒப்பந்தம் என்றைக்கு முடியும் என்ற காலவரை எழுதப்படவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் சீனியின் விலை கடுமையாக ஏறியபோது, நிறுவனம் பாகின் விலையை உயர்த்த முயன்றது. பழைய தாள் அதற்குக் குறுக்கே நின்றது. 1920இல் வழக்கு நடந்து, அதற்கு அடுத்த ஆண்டில்தான் சமாதானம் ஏற்பட்டது. ஒரு பெரிய நிறுவனமே ஒரு தாளில் கவனமின்றிக் கையெழுத்திட்டு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தவித்தது என்றால், நாம் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

இந்தப் பானம் நம் நாட்டுக்கு வந்த கதை, நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு மிக நெருங்கியது. தீபாவளி நாளில் நம் வீடுகளுக்குப் பெட்டியாக வந்திறங்கும் ஆரஞ்சுப் பானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யும் நிறுவனம் ஃபிரேசர் அண்ட் நீவ். எஃப் அண்ட் என் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ஜான் ஃபிரேசர், டேவிட் நீவ் என்ற இருவர் சிங்கப்பூரில் 1883ஆம் ஆண்டில் சோடாத் தண்ணீர் செய்யத் தொடங்கினர். அது அவர்களுடைய சொந்தத் தொழில், சொந்தப் பெயர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின், 1936இல், கொக்கா கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையையும் அந்நிறுவனம் பெற்றது. ஆக, ஒரே கூரையின் கீழ் சொந்தப் பெயரும் இருந்தது, வாங்கிய பெயரும் இருந்தது.

வாங்கிய பெயர் நன்றாகவே விற்றது. ஆயினும் அந்நிறுவனம் தன் சொந்தப் பானங்களைக் கைவிடவில்லை. 1983இல், தன் நூறாம் ஆண்டை நினைவூட்டும் வகையில், 100 பிளஸ் என்ற பானத்தைக் கொண்டுவந்தது. வெயிலில் வேலை செய்து வருகிற நம் பிள்ளைகள் கையில் இன்றும் அந்தப் புட்டியைக் காண்கிறோம். 2010ஆம் ஆண்டில் கொக்கா கோலாவுடன் இருந்த உறவை முடித்துக்கொள்வது என்று இரு தரப்பும் அறிவித்தன. 2011இல் அது முடிவுற்றது. எழுபத்தைந்து ஆண்டுக் காலம் புட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி, கடை கடையாகக் கொண்டு சேர்த்த பெயர் ஒரு நாளில் கையை விட்டுப் போயிற்று. தொழிற்சாலை மிஞ்சியது, லாரிகள் மிஞ்சின. அந்தப் பெயர் மிஞ்சவில்லை. எனினும் நிறுவனம் சாயவில்லை. சொந்தப் பெயர் ஒன்றை வளர்த்து வைத்திருந்ததே அதற்குக் காரணம். அடுத்தவர் பெயரை வளர்க்கும் காலத்திலேயே தனக்கென ஒன்றையும் சேர்த்துக்கொள்பவர் பிழைத்துக்கொள்கிறார் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இனி, மகன் ஆசைப்படுகிற உணவுக் கடைக்கு வருவோம். கோழிப் பொரியலுக்குப் பெயர் பெற்ற ஹார்லண்ட் சாண்டர்ஸ் என்பவரை எல்லாரும் படத்தில் பார்த்திருக்கிறோம். வெண்தாடியும் வெள்ளைச் சட்டையுமாகப் பலகையில் சிரிப்பவர் அவர்தான். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கோர்பின் என்ற ஊரில், நெடுஞ்சாலை ஓரத்தில் அவர் சொந்தமாக உணவகம் நடத்தினார். கைப்பக்குவம் இருந்தது, வாடிக்கையும் இருந்தது. ஆனால், புதிய நெடுஞ்சாலை ஊரை விட்டு விலகிப் போகப் போகிறது என்று தெரிந்தது. வண்டிகள் வராவிட்டால் கடைக்கு யார் வருவார்கள்? 1956இல் கடையை ஏலத்தில் விற்றார். கடன் தீர்ந்தபின் அவரிடம் எஞ்சியது அற்பமே. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

சொந்தக் கடையின் ஆபத்து இங்கே நமக்குத் தெரிகிறது. உழைப்பும் திறமையும் குறையாமல் இருந்தும், சாலை திரும்பியதால் கடை போயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டு ஆட்கள் வெளியேறிய பின், அந்தத் தோட்டத்தையே நம்பியிருந்த சாலையோரக் கடைகள் என்ன ஆயின என்பதை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சாண்டர்ஸ் சோர்ந்து உட்காரவில்லை. 1952இலேயே யூட்டா மாநிலத்தில் ஓர் உணவகக்காரருக்குத் தம் சமையல் முறையைக் கற்றுக் கொடுத்து, விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் சில காசு என்று பேசியிருந்தார். அதையே தொழிலாக்கி, காரில் ஊர் ஊராகச் சென்று உணவகக்காரர்களுக்குச் சமைத்துக் காட்டினார். 1964இல் அந்த நிறுவனத்தை 20 லட்சம் டாலருக்கு விற்றார். கடையாக இருந்தபோது போனது, பெயராக ஆனபோது நிலைத்தது. ஆனால், ஒன்றை நாம் தெளிவாகக் காண வேண்டும். பெயருரிமையால் செல்வம் பெற்ற சாண்டர்ஸ், பெயரை வாங்கியவர் அல்லர். பெயரை உண்டாக்கி விற்றவர். விளம்பரங்களில் காட்டப்படும் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் விற்றவர்களின் கதைகளாகவே இருக்கின்றன.

உண்டாக்கியவரும் ஏமாறுவதுண்டு. மெக்டோனல்ட் சகோதரர்கள் இருவர் கலிபோர்னியாவில் 1948இல் தங்கள் கடையை மாற்றியமைத்து, குறைந்த பண்டங்களை விரைவாகச் செய்து மலிவாக விற்கும் முறையை வகுத்தார்கள். 1954இல் ரே கிராக் என்ற விற்பனையாளர், வயது ஐம்பத்திரண்டு, அவர்களிடம் வந்து, அந்த முறையை நாடெங்கும் பரப்பும் உரிமையைப் பெற்றார். அடுத்த ஆண்டில் தம் முதல் கடையைத் திறந்தார். 1961இல் சகோதரர்களிடமிருந்து எல்லா உரிமையையும் 27 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டார். அதன் பின், அவர்கள் தங்கள் பழைய கடைக்குத் தங்கள் குடும்பப் பெயரையே வைக்க முடியவில்லை. பலகையை மாற்றினார்கள். கிராக் அதற்கு அருகிலேயே புதிய மெக்டோனல்ட் கடையைத் திறந்தார். பழைய கடை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. சொந்தப் பெயரைக் கூடக் காகிதத்தில் விட்டுக் கொடுத்தால், அது நம்முடையது அன்று.

அந்நிறுவனம் வளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹாரி சொன்னபார்ன் என்ற கணக்கறிந்த அதிகாரி 1956இல் ஒரு வழி சொன்னார். கடை நடத்துபவர் இடம் பார்க்க வேண்டாம். நிறுவனமே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அல்லது வாங்கி, கடைக்காரருக்கு வாடகைக்கு விடட்டும் என்றார். அன்று முதல் கடைக்காரர் பெயரையும் இழக்க முடியாது, இடத்தையும் இழக்க முடியாது என்ற நிலைக்கு வந்தார். நிறுவனத்தின் சொல்லை மீறினால் இரண்டும் சேர்ந்தே போகும். தோட்டத்தில் வேலை போனால் குடியிருக்கும் வீடும் சேர்ந்து போன அனுபவம் நமக்கு உண்டு. வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே முதலாளி இருந்தால் தொழிலாளியின் குரல் எப்படித் தாழும் என்பதை வேறு யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கடைகள் நம் நாட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏ அண்ட் டபிள்யூ 1963இல் கோலாலம்பூரில் கடை திறந்தது. சாண்டர்ஸின் கோழிக் கடை 1973இலும், மெக்டோனல்ட் 1982இலும் கோலாலம்பூருக்கு வந்தன. அவற்றைப் பார்த்து நம் நாட்டவர் இரண்டு விதமான பாடம் கற்றார்கள்.

1981இல் ஜொகூர் பாருவில் ஒரு மலேசியத் தம்பதியர் மேரிபிரவுன் என்ற கோழிக் கடையைத் தொடங்கினர். வெளிநாட்டுப் பெயரை வாங்காமல், முறையை மட்டும் கண்டறிந்து, தங்கள் பெயரை உண்டாக்கினார்கள். பிறகு தாங்களே மற்றவர்க்குப் பெயருரிமை கொடுத்தார்கள். அந்தப் பெயர் சென்னை வரை சென்றது. இது ஒரு வகை.

மற்றொரு வகை ரம்லி பர்கர். ரம்லி மொக்னி என்பவரும் அவர் மனைவியும் கோலாலம்பூரில் 1979 வாக்கில் சாலையோரத்தில் இறைச்சி பர்கர் விற்கத் தொடங்கினார்கள். இன்று அந்த நிறுவனத்தின் இறைச்சியை வாங்கிச் சுடும் தள்ளுவண்டிகள் நாடெங்கும் இருக்கின்றன. ஆனால், அந்த வண்டிக்காரர் தம் தொழிலுக்குத் தாமே எசமானர். பொருளை வாங்குகிறார், விலையும் பக்குவமும் அவருடைய விருப்பம். பேர்போன பொருளை விற்பதற்குப் பேர்போன நிறுவனத்தின் கட்டுக்குள் போய்த்தான் தீர வேண்டும் என்பதில்லை என்று இது காட்டுகிறது.

நம் சமுதாயத்திலும் சொந்தத் தொழில் புதிதன்று. தோட்டத்தில் பால்வெட்டு முடிந்த பிறகு, மாடு வளர்த்துப் பக்கத்துப் பட்டணத்தில் பால் விற்றவர்கள் எத்தனை பேர்! ஆடு, கோழி, பூமாலை, வடை, தோசை என்று அந்தப் பட்டியல் நீளும். இவை பல இடங்களில் நின்று போனதற்குச் சுவை குறைந்ததோ உழைப்பு குறைந்ததோ காரணமன்று. கணக்கு எழுதாமையும், கடன் கொடுத்து வாங்க முடியாமையும், இடம் சொந்தமில்லாமையுமே பெரும்பாலும் காரணங்கள். 555 புத்தகத்தில் பற்று எழுதிக்கொண்டே போய், சம்பள நாளில் பாதிப் பேர் வராத கடை நமக்குத் தெரியாததா?

தனித்தனியாக முடியாததைச் சேர்ந்து செய்த முன்மாதிரியும் நமக்கு உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வெட்டியவர்களே பங்குதாரர் ஆனார்கள். ஒருவர் சேமநிதி முழுவதையும் ஒரே கடையில் போடுவதைவிட, நம்பிக்கையான நாலு குடும்பங்கள் அளவோடு போட்டுச் சேர்ந்து நடத்துவது மூன்றாவது வழி என்பதை மறந்துவிடலாகாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். மலேசியாவில் பிரான்சைஸ் சட்டம் 1998இல் இயற்றப்பட்டு, அதற்கு அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பெயருரிமை கொடுப்பவர் உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழுள்ள பதிவதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் படியையும், தம் நிறுவனத்தைப் பற்றிய விவரங்கள் அடங்கிய ஆவணத்தையும், கையெழுத்து நாளுக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக நம் கையில் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் காலம் 5 ஆண்டுக்குக் குறையக் கூடாது. கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறினால் விலகிக்கொள்ள, குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் ஒப்பந்தத்தில் தரப்பட வேண்டும். அதற்குள் விலகினால், நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். இவை நமக்குக் காப்பு.

அதே சட்டத்தில் நம்மைக் கட்டுவதும் உண்டு. ஒப்பந்தம் நடக்கும் காலத்திலும், முடிந்த பிறகு 2 ஆண்டுகள் வரையிலும், அதைப் போன்ற வேறு தொழிலை நாம் நடத்தக் கூடாது. கோழிக் கடையை விட்டு வெளியே வந்தவர் மறுநாளே சொந்தக் கோழிக் கடை போட முடியாது. பழகிய ஒரே தொழிலை இரண்டு ஆண்டு தொடாமல் குடும்பம் எப்படி நடக்கும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். சிங்கப்பூரில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமே பொருந்தும். ஆகவே அங்குள்ள நேயர்களுக்குத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் இன்னும் முக்கியமாகிறது.

"பெயர் வாங்கினால் தோல்வியே இல்லை" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். திமோதி பேட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1990களில் இதை ஆராய்ந்தார். புதிதாகத் தொடங்கப்பட்ட பெயருரிமைத் தொழில்கள், சொந்தத் தொழில்களைவிடக் குறைவாகவே நிலைத்தன என்று அவர் கண்டார். அது அமெரிக்கக் கணக்கு. அப்படியே நமக்குப் பொருந்தும் என்று கூற முடியாது. ஆனால், பெயர் ஒன்றே காப்பாற்றிவிடும் என்ற பேச்சை நம்பக் கூடாது என்பதற்கு அது போதும்.

இப்போது தாளும் பென்சிலும் எடுத்து ஒரு கணக்குப் போடுவோம். இது எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு. பெயருக்கு முதலில் 30,000 வெள்ளி. ஒப்பந்தம் 5 ஆண்டு, அதாவது 60 மாதம். மாதத்துக்கு 500 வெள்ளி ஆகிறது. நாளொன்றுக்கு 500 வெள்ளி விற்பனை, மாதம் 26 நாள் என்றால் 13,000 வெள்ளி. அதில் பெயருக்கு 5 விழுக்காடு, விளம்பரத்துக்கு 2 விழுக்காடு என்றால் 910 வெள்ளி. இரண்டையும் கூட்டினால் 1,410 வெள்ளி. இதுவே பெயரின் மாத விலை. பொருளின் அடக்கம் போக வெள்ளிக்கு 30 காசு நிற்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 1,410 வெள்ளியை மீட்க 4,700 வெள்ளிக்கு விற்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 வெள்ளி. இதன் பொருள் என்ன? அந்தப் பெயர் இல்லாமலே நாளொன்றுக்கு 320 வெள்ளிக்கு விற்க முடியுமானால், இரண்டு வழியிலும் நம் கையில் நிற்பது ஒன்றுதான். அதற்கு மேல் விற்க முடியுமானால் அம்மா சொன்னது சரி. அவ்வளவு விற்க முடியாதென்றால் மகன் சொன்னது சரி.

சொந்தக் கடைக்கும் மறைவான ஒரு செலவு உண்டு. அதைப் பாடச் செலவு எனலாம். எவ்வளவு மாவு அரைப்பது, எந்த நாளில் கூட்டம் வரும், எந்த வாடிக்கையாளருக்குக் கடன் தரலாம் என்பவற்றைத் தவறு செய்துதான் கற்கிறோம். பெயரை வாங்குகிறவர் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறார். சொந்தமாகத் தொடங்குகிறவர் நட்டப்பட்டு வாங்குகிறார். இரண்டும் இலவசமில்லை. ஆதலால், சொந்தக் கடை போடுவோர் ஆறு மாத வீட்டுச் செலவையாவது தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் தொடங்குவது நலம். முதலில் இரவுச் சந்தையில் ஒரு மேசை போட்டு விற்றுப் பார்க்கலாம். பெயரை வாங்க நினைப்போரும், அந்தப் பெயரில் நடக்கும் கடையொன்றில் மகனைச் சில மாதம் வேலைக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஆழமறியாமல் காலை விடாதே என்று பெரியோர் சொன்னது இதற்குத்தான்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை சில. அமைச்சில் பதிவு உண்டா? பக்கத்துத் தெருவில் அதே பெயரில் இன்னொரு கடை வருமா? சாமான்களை அவர்களிடமே வாங்க வேண்டுமா, வெளியே மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா? இடத்தின் வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது? ஐந்து ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க மீண்டும் எவ்வளவு? இடையில் விட நேர்ந்தால், நாம் வாங்கிய இயந்திரங்களும் மேசைகளும் யாருக்கு? இந்தக் கேள்விகளுக்கு வாயால் வரும் விடை போதாது. தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும். அதே பெயரில் கடை நடத்தி மூடியவர் ஒருவரையாவது தேடிப் போய்ப் பேச வேண்டும். நடத்துகிறவர் சொல்லாததை மூடியவர் சொல்வார்.

நேயர்களே, நம் முன்னோர் பலர் கடல் கடந்து வந்தபோது ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. படித்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. அந்த ஒப்பந்த முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆனால், படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் சட்டத்தால் ஒழிவதன்று. அன்று படிக்கத் தெரியாமல் வைத்தார்கள். இன்று நம் வீட்டில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டம் 10 நாள் கொடுக்கிறது. அந்தப் பத்து இரவும் சாப்பாட்டுக்குப் பின் மகன் ஒவ்வொரு பக்கமாக வாசித்துப் பொருள் சொல்லட்டும். அம்மா கேள்வி கேட்கட்டும். அப்பா கணக்குப் பார்க்கட்டும். விளங்காத பக்கத்தைக் கூலி கொடுத்தாவது ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அதன் பிறகு பெயரை வாங்குவதா, உண்டாக்குவதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். எந்த வழியில் சென்றாலும், எஃப் அண்ட் என் கதையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்தவர் பலகையின் கீழ் நின்றாலும், நமக்கென்று ஒரு கைத்தொழில், ஒரு கணக்குப் புத்தகம், ஒரு நல்ல பெயர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். பலகையைக் கழற்றும் நாள் ஒன்று வந்தாலும், இவை நம்மோடு வீட்டுக்கு வரும்.